ஒரே கம்பியில் இரண்டு வலைகள்: வேறுபாட்டின் மெய்ம்மை

பொருளால் ஒன்றாக இருப்பதற்குள் இரண்டைத் தனித்தனியே வைத்திருக்க முடியுமா, முடியுமானால் அவற்றின் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. கணினி வலையமைப்பில் இக்கேள்வி நாள்தோறும் செயல்வடிவில் எழுகிறது. அலுவலகக் கருவிகளை வலையில் இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றின் போர்ட்டில் ஒரே ஒரு கேபிள் செருகியிருக்கிறது. அதன் மறுமுனையில் மேசைமேல் ஐ.பி. தொலைபேசி. தொலைபேசியின் பின்புறத்திலிருந்து இன்னொரு சிறு கேபிள் கணினிக்குப் போகிறது. மனிதர் பேசும் பேச்சும் கணினி அனுப்பும் தரவும் அந்த ஒரே கம்பி வழியாகத்தான் ஸ்விட்சுக்கு வந்து சேர்கின்றன. ஆனாலும் பேச்சு ஒரு வலையையும் தரவு வேறொரு வலையையும் சேர்ந்தவை. ஒன்றின் ஆரவாரம் மற்றொன்றின் காதில் விழுவதில்லை. இந்தப் பிரிவு மெய்யா, பெயரளவா? மெய் என்றால் அது செம்புக் கம்பியில் இருக்கிறதா, மின்துடிப்பில் இருக்கிறதா, ஓர் எண்ணில் இருக்கிறதா, அந்த எண்ணை மதிக்கும் ஒழுங்கில் இருக்கிறதா?

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய குருபரப்பள்ளியில் இக்கேள்விக்கு இரட்டைப் பொருத்தம் உண்டு. இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. வடமேற்கே ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. உற்பத்திக்கூடமும் கிடங்கும் அலுவலகமும் ஒரே வளாகத்தில் இருக்கும் இத்தகைய தொழில்வட்டாரத்தில் பேச்சையும் தரவையும் ஒரே கம்பியில் அனுப்புவது சிக்கனமும் தேவையும் ஆகும். இன்னொரு பொருத்தம் நிலத்தைச் சார்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. அத்திப்பள்ளி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும் மாநில எல்லைக்கு மண்ணில் உடம்பு கிடையாது. சாலையின் தார் இருபுறமும் ஒன்றே. ஆயினும் ஓசூரில் பதிவான டி.என். 70 வண்டிக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் பதிவான கே.ஏ. 51 வண்டிக்கும் வரியும் அனுமதியும் வெவ்வேறு. பதிவெண் பலகை எஞ்சினை மாற்றுவதில்லை, சாலையை இரண்டாக்குவதில்லை. அந்த வண்டி எந்த ஒழுங்கின் கீழ் ஓடுகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஸ்விட்ச் போர்ட்டில் நடப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

போர்ட்டில் நடப்பது

ஈதர்நெட் வலையில் செய்தி ஃப்ரேம் என்னும் சிறு கட்டுகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, உள்ளடக்கம் ஆகியவை உண்டு. சில ஃப்ரேம்கள் குறிப்பிட்ட ஒருவருக்கு என்றில்லாமல் எல்லோருக்குமாக அனுப்பப்படுபவை. ஸ்விட்ச் அவற்றை வந்த போர்ட் நீங்கலாக மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். ஒரே ஸ்விட்சை அல்லது ஒன்றோடொன்று இணைந்த பல ஸ்விட்சுகளைத் தம்முள் கலவாத பல வலைகளாக நடத்தும் ஏற்பாடே வீலேன் எனப்படும் மெய்நிகர் உள்வலை. ஒரு வீலேனில் எழுந்த பொது அறிவிப்பு அந்த வீலேனைச் சேர்ந்த போர்ட்டுகளை மட்டுமே சென்றடையும். ஒரு வீலேனிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ரூட்டர் அல்லது அதன் வேலையைச் செய்யும் ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே யார் யாரோடு பேசலாம் என்ற விதிகளை வைக்க இடம் உண்டு.

இதற்கான பொது நெறி 1998இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.1க்யூ. அதன்படி ஃப்ரேமின் நடுவே 4 பைட் நீளமுள்ள டேக் ஒன்று செருகப்படுகிறது. அதன் முதல் 16 பிட்டுகள் இங்கே டேக் இருக்கிறது என்று அறிவிக்கின்றன. அடுத்த 3 பிட்டுகள் 0 முதல் 7 வரையிலான முன்னுரிமையைச் சொல்கின்றன. ஒரு பிட், நெரிசலில் இந்த ஃப்ரேமைக் கைவிடலாமா என்பதைக் குறிக்கிறது. எஞ்சிய 12 பிட்டுகள் வீலேன் எண். 12 பிட்டுகளில் 4,096 எண்கள் அடங்கும். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் பயனுக்கு 4,094 வலைகள் கிடைக்கின்றன. டேக் சேர்வதால் ஃப்ரேமின் உச்ச நீளம் 1,518 பைட்டிலிருந்து 1,522 பைட்டாகிறது. பிரிவுக்கு உரிய பருப்பொருள் முழுவதும் அந்த 4 பைட்டுகள்தாம்.

தொலைபேசி இணைந்த போர்ட்டில் இரண்டு வீலேன்கள் அமைக்கப்படுகின்றன. விளக்கத்துக்காகத் தரவுக்கு 10 என்றும் குரலுக்கு 20 என்றும் கொள்ளலாம். கணினி டேக் இல்லாத ஃப்ரேம்களையே அனுப்புகிறது. தொலைபேசிக்குள் மூன்று முனை கொண்ட சிறு ஸ்விட்ச் ஒன்று உண்டு. ஒரு முனை சுவரை நோக்கியது, ஒரு முனை கணினியை நோக்கியது, மூன்றாவது தொலைபேசியின் சொந்த மூளைக்கு உரியது. கணினியிடமிருந்து வந்ததை அது டேக் இன்றியே கடத்துகிறது. தன் குரல் ஃப்ரேம்களில் மட்டும் 20 என்ற எண்ணைப் பதிக்கிறது. சுவர்க்கம்பியில் டேக் உள்ள ஃப்ரேமும் டேக் இல்லாத ஃப்ரேமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஸ்விட்ச் டேக் உள்ளதை 20ஆம் வலைக்கும் இல்லாததை 10ஆம் வலைக்கும் சேர்க்கிறது. அடையாளம் இல்லாமையே இங்கு ஓர் அடையாளமாக வேலை செய்கிறது. தான் எந்த வலையில் இருக்கிறது என்பது தொலைபேசிக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தெரியாததால் கணினியின் உறுப்புரிமை குறைந்துவிடவில்லை.

பிரிப்பதற்கான காரணம்

கம்பியில் ஓடும்போது பேச்சும் தரவும் ஒரே வகை மின்துடிப்புகள். ஒரு பிட்டை எடுத்து வைத்து இது குரலா கோப்பா என்று சொல்ல முடியாது. ஆனால் பயனில் இரண்டும் வேறு. ஜி.711 என்னும் பரவலான முறையில் தொலைபேசி ஒரு நொடிக்கு 50 கட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிவினாடிப் பேச்சு 160 பைட்டாக அடங்கியிருக்கிறது. அக்கட்டு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு திசையில் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்ல உரையாடலுக்கு ஏற்றது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. நேரம் தவறி வந்த சொல்லைத் தொலைபேசி எறிந்துவிடும். அதை மீண்டும் கேட்டு வாங்குவதில் பொருளில்லை. தரவின் இயல்பு இதற்கு எதிர். சம்பளப் பட்டியல் அரை நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் ஓர் இலக்கம் விடுபட்டால் முழுவதும் பிழை. அதனால் விடுபட்டதைக் கணினி திரும்பக் கேட்டு வாங்குகிறது. குரலுக்குக் காலம் உயிர், தரவுக்கு முழுமை உயிர்.

ஒலியின் இவ்வியல்பை நியாய மரபினரான நையாயிகரும் வைசேடிகரும் முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒலி ஆகாயத்தின் குணம், தோன்றிய உடனே அழிவது, ஓர் ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்து அலையலையாகச் செவியை அடைகிறது என்பது அவர்கள் கொள்கை. ஒலி என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது என்று மீமாம்சகர் மறுத்தனர். வலையமைப்பில் இந்த இரண்டு பார்வைக்கும் இடம் இருக்கிறது. கோப்பாகச் சேமித்த குரல் மீமாம்சகரின் சொல்லைப் போல எப்போது வேண்டுமானாலும் வெளிப்படக் காத்திருக்கிறது. நேரில் பேசும் குரல் நையாயிகரின் ஒலி, அது தோன்றி அழிவதற்குள் கேட்கப்பட்டாக வேண்டும். ஒரே குரல் பதிவானபின் தரவாக நடத்தப்படுவதற்கும் அழைப்பில் இருக்கும்போது குரலாக நடத்தப்படுவதற்கும் காரணம் இதுவே.

வீலேன் என்ற கருத்தே குரலோடு தொடர்புடையது. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் சின்கோஸ்கி 1980களின் தொடக்கத்தில் ஈதர்நெட்டில் பேச்சை அனுப்பிப் பார்த்தார். பின்னர் பெல்கோர் நிறுவனத்தில் சேர்ந்து, ஈதர்நெட்டைப் பெரிதாக்கும் சிக்கலை ஆராய்ந்தபோது மெய்நிகர் உள்வலைக் கருத்துக்கு வந்தார்.

பெயரளவே என்னும் விடை

சங்கரரின் அத்துவைதப் பார்வையில் முதல் விடையை அமைக்கலாம். கம்பி ஒன்று, ஸ்விட்ச் ஒன்று, மின்துடிப்பு ஒரே வகை. பிரிவு ஒரு நிபந்தனையால், அதாவது உபாதியால், தோன்றுவது. டேக்கை நீக்கினால் எஞ்சுவது பிரிவற்ற ஒரே ஓட்டம். இந்நிலையை விளக்க இம்மரபின் முன்னோடி கௌடபாதர் தம் மாண்டூக்கிய காரிகையில் குடத்து வெளியைக் காட்டினார். குடங்களால் வெளி பலவாகத் தோன்றுகிறது, குடம் உடைந்தால் வெளி ஒன்றே. அதே நூலில் அவர் இன்னொன்றையும் சொல்கிறார்: ஒரு குடத்து வெளியில் தூசியும் புகையும் நிறைந்தால் எல்லாக் குடங்களின் வெளியும் மாசடைவதில்லை. தோற்றமான பிரிவுக்கும் காக்கும் வலிமை உண்டு என்பது இதன் பொருள். 10ஆம் வலையில் ஒரு பழுதான கணினி பொது அறிவிப்புகளை ஓயாமல் கொட்டினால் 20ஆம் வலையின் தொலைபேசிகள் அவற்றைப் பெறுவதில்லை.

இவ்விடையின் பலம், அது உண்மையை இரண்டு தளங்களில் வைப்பது. பரமார்த்தம் என்னும் இறுதி உண்மையில் ஒன்று, வியவகாரம் என்னும் நடைமுறையில் பல. வியவகார உண்மை பொய் ஆகாது. உயர்ந்த அறிவு அதைக் கடக்கும் வரை அது செல்லும். ஆலை நடப்பது வியவகாரத் தளத்தில்தான். ஆனால் இவ்விடைக்கு ஒரு குறை இருக்கிறது. கொட்டப்பட்ட அறிவிப்புகள் 20ஆம் வலைக்குள் நுழையாவிட்டாலும், கணினி இணைந்திருக்கும் சுவர்க்கம்பியின் கொள்ளளவை அவை தின்கின்றன. வெளி இடப்பற்றாக்குறை அறியாதது. கம்பி அப்படிப்பட்டது இல்லை. குடத்து வெளியில் எழாத போட்டி இங்கே எழுகிறது. ஆகவே பிரித்தால் மட்டும் போதாது, பிரித்தவற்றுக்கு இடையே முறை வகுக்கவும் வேண்டும்.

சார்ந்திருப்பது பொய் ஆகுமா

டேக்குக்குத் தனி இருப்பு இல்லை என்பதால் பிரிவு பொய் என்ற முடிவு சரியா? ராமானுஜரின் விசிட்டாத்துவைதம் இம்முடிவை ஏற்காது. பொருளும் அதன் பண்பும் பிரித்து வைக்க முடியாதவை, ஆயினும் இரண்டும் ஒன்றே அல்ல என்பது அவர் நிலை. இந்தப் பிரியா உறவை அவர் மரபு அபிருதக்சித்தி என்கிறது. பண்பு பொருளைச் சார்ந்தே நிற்கிறது என்பதால் பண்பு பொய்யாகிவிடாது. நீலம் தாமரையை விட்டு நிற்காது, அதற்காகத் தாமரையின் நீலம் மாயை ஆவதில்லை. வீலேன் எண்ணும் ஃப்ரேமை விட்டு எங்கும் மிதக்காது. ஃப்ரேமுக்கு அது ஒரு விசேடணம், அதாவது அடையாக நிற்கும் பண்பு. அவ்விசேடணத்தால் ஃப்ரேமின் போக்கு மாறுகிறது, அது எட்டும் இடங்கள் மாறுகின்றன. விளைவை உண்டாக்கும் ஒன்றை வெறும் பெயர் என்று தள்ளுவது கடினம். சார்பும் மெய்ம்மையும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல என்னும் இத்தெளிவு, இக்கேள்வியில் ராமானுஜர் மரபின் பங்களிப்பு.

முற்றாக வேறு என்னும் விடை

உடுப்பியின் மத்துவர் 13ஆம் நூற்றாண்டில் ஐந்து வேறுபாடுகளை மெய் என்று நிறுவினார்: இறைவனுக்கும் உயிருக்கும், இறைவனுக்கும் சடம் என்னும் உயிரற்ற பொருளுக்கும், உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் சடத்துக்கும், சடத்துக்கும் சடத்துக்கும் உள்ள வேறுபாடுகள். ஐந்தாவது இங்கு நேரடியாகப் பொருந்துவது. இரண்டு சடப்பொருள்களின் வேறுபாடு பார்ப்பவர் மனத்தைச் சார்ந்தது இல்லை, அது பொருளின் சொரூபமே. இக்கொள்கையை முழுதாகப் பின்பற்றிய வலையமைப்பு பழைய தலைமுறையினது. அப்போது தொலைபேசிக்கு ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்னும் உள் தொலைபேசி இணைப்பகப் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, கணினிக்கு ஸ்விட்சிலிருந்து வேறு கம்பி. இரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கவில்லை. அந்த ஏற்பாட்டில் தெளிவும் பாதுகாப்பும் இருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு கம்பி, இரண்டு பராமரிப்பு, இரண்டு செலவும் இருந்தன. வேறுபாடு மெய்யாக இருக்க உடலும் வேறாக இருந்தாக வேண்டும் என்று கொண்டதன் விலை அது.

உடல் வேறாகாமலே வேறுபாடு மெய்யாக முடியும் என்பதற்கு வைசேடிக மரபு ஒரு நுட்பமான கருவியைத் தருகிறது. அம்மரபு இன்மையை, அபாவத்தை, ஏழாவது பதார்த்தமாக, அதாவது பொருள்வகையாக, ஏற்றது. மேசைமேல் குடம் இல்லை என்பது வெறும் பேச்சு இல்லை. இன்ன இடத்தில் இன்ன பொருள் இல்லை என்ற அறியத்தக்க நிலை. எங்கே இல்லை, எது இல்லை என்ற இரண்டையும் சொன்னால்தான் இன்மை பொருள்படும். ஒரு பொருள் மற்றொன்று அன்று என்ற நிலையை அன்னியோன்னியாபாவம் என்று அவர்கள் தனியே வகுத்தனர். வீலேனின் பிரிவு, இன்ன இடத்தில் இன்னது இல்லை என்னும் முந்தைய வகையிலேயே சரியாக விளங்குகிறது. ஸ்விட்சுக்குள் சுவர் ஏதும் எழுப்பப்படவில்லை. 10ஆம் வலையின் ஃப்ரேம் 20ஆம் வலையின் போர்ட்டில் வராமை, அதுதான் பிரிவு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச் எழுதிவைக்கும் அட்டவணையில் முகவரியோடு வீலேன் எண்ணும் சேர்ந்தே பதிவாகிறது. தேடும்போது இரண்டும் பொருந்தினால்தான் வழி கிடைக்கும். பொருந்தாதபோது வழி இல்லாமை, பருப்பொருள் அற்றதாயினும் மெய்யானது. திறமையான வலை நிர்வாகி பிரிவைச் சோதிப்பதும் இவ்வகையில்தான். ஒரு வலையில் அறிவிப்பை எழுப்பி, மற்ற வலையில் அது வராததை உறுதி செய்துகொள்கிறார்.

ஒன்றாய், வேறாய், உடனாய்

தமிழ்நாட்டில் உருவான சைவ சித்தாந்தம் ஒருமைக்கும் வேற்றுமைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தையே மறுத்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் இறைவன் உயிர்களோடு நிற்கும் முறையைப் பேசுகிறது. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் அவ்வுறவை மூன்று நிலைகளிலிருந்து விலக்கிக் காட்டுகிறார்: பொன்னும் அணியும் போன்ற அபேதம் அன்று, இருளும் ஒளியும் போன்ற பேதம் அன்று, சொல்லும் பொருளும் போன்ற பேதாபேதமும் அன்று. உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் ஒளியும் நிற்கும் முறையை அவர் எடுத்துக்கொள்கிறார். உரைமரபு இதைக் கலப்பினால் ஒன்றாதல், பொருள் தன்மையால் வேறாதல், உயிர்க்குயிராய் நின்று இயக்குவதால் உடனாதல் என்று சுருக்கியது.

சித்தாந்தம் பேசுவது இறைவன், உயிர் உறவை. ஸ்விட்ச் போர்ட் அதற்கு இணையாகாது. ஆனால் அம்மரபு உருவாக்கிய சிந்தனை வடிவம் இங்கு உதவுகிறது. சேர்ந்திருக்க ஒன்றாகிவிட வேண்டியதில்லை, வேறாயிருக்க விலகிப்போக வேண்டியதில்லை என்பதே அவ்வடிவம். சுவர்க்கம்பியில் குரலும் தரவும் கலப்பினால் ஒன்று: ஒரு நொடியில் இரண்டின் ஃப்ரேம்களும் முன்பின்னாகக் கோத்து ஓடுகின்றன. தன்மையால் வேறு: ஒன்றின் நன்மை காலத்திலும் மற்றதன் நன்மை முழுமையிலும் இருக்கிறது. மூன்றாவதாக, இரண்டுக்கும் உரிய இடத்தைக் காட்டும் ஒழுங்கு ஒவ்வொரு ஃப்ரேமுடனும் ஒவ்வொரு கணமும் உடன் நிற்கிறது. அது ஒருமுறை பிரித்துவிட்டு விலகிவிட்டால் பிரிவு நீடிக்காது. மத்துவர் காட்டிய வேறுபாடும் சங்கரர் காட்டிய ஒருமையும் இங்கே தத்தம் தளத்தில் சரி. இரண்டையும் ஒருங்கே தாங்குவது இயக்கும் ஒழுங்கு என்பதைச் சித்தாந்த வடிவம் சேர்த்துக் காட்டுகிறது.

வேறுபாட்டை அறியும் வழிகள்

வேறுபாடு இருந்தால் போதாது, அது அறியப்படவும் வேண்டும். சைவ சித்தாந்த ஆசிரியர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடு, அதாவது அறியும் வழிகளின் இலக்கணத்தோடு, தொடங்கினார். பிறர் கூறும் பல அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். ஸ்விட்ச் குரலை அறியும் முறைகளும் இம்மூன்றில் அடங்குவது கவனிக்கத்தக்கது.

ஃப்ரேமில் 20 என்ற டேக்கை நேரே பார்த்து வலையைத் தீர்மானிப்பது காண்டல். டேக் இல்லாதபோது சில ஸ்விட்சுகள் அனுப்புநரின் வன்பொருள் முகவரியைப் பார்க்கின்றன. 48 பிட் நீளமுள்ள அம்முகவரியில் முதல் 24 பிட்டுகள் சாதனத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு உரியவை. இது தொலைபேசி செய்யும் நிறுவனத்தின் எண், ஆகவே இது தொலைபேசி என்று முடிவு செய்வது கருதல். மூன்றாவது உரை. 2005இல் நெறிப்படுத்தப்பட்ட எல்.எல்.டி.பி. என்னும் முறையிலும் அதன் எம்.இ.டி. விரிவிலும், அண்டைச் சாதனங்கள் தம்மைப் பற்றி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. சிஸ்கோ சாதனங்களில் சி.டி.பி. இதே வேலையைச் செய்கிறது. மின்சாரம் வந்து தொலைபேசி விழித்ததும் தான் ஒரு தொலைபேசி என்று அறிவிக்கிறது. குரலுக்கு 20ஆம் வலை, முன்னுரிமை 5 என்று ஸ்விட்ச் சொல்கிறது. அச்சொல்லை நம்பித் தொலைபேசி தன் ஃப்ரேம்களில் 20ஐப் பதிக்கத் தொடங்குகிறது.

மூன்று அளவைக்கும் பிழை உண்டு. கணினியில் உரிய மென்பொருளை வைத்து 20 என்ற டேக்கைப் பதிக்கலாம். முகவரியின் முதல் 24 பிட்டுகளை நகலெடுக்கலாம். தொலைபேசி என்று பொய்யாக அறிவிக்கலாம், ஏனெனில் எல்.எல்.டி.பி. சொல்பவரின் மெய்யைச் சோதிப்பதில்லை. அத்துவைதம் அத்தியாசம் என்று அழைக்கும் ஏற்றிக்கூறல் இங்கே பாதுகாப்புக் குறையாக வடிவெடுக்கிறது: ஒன்றின் அடையாளம் மற்றொன்றின்மேல் ஏறுகிறது. பதிவெண் பலகையை ஓட்டுநரே எழுதிக்கொண்டால் பலகைக்கு மதிப்பு இராது. அதனால் நல்ல அமைப்பில் சாதனத்தின் சொல் அப்படியே ஏற்கப்படுவதில்லை. எந்த எல்லை வரை குறியை நம்புவது என்று வகுத்து, அதற்கு அப்பால் வரும் குறியை ஸ்விட்ச் அழித்துத் தானே புதிதாக எழுதுகிறது. 802.1எக்ஸ் முறையில் தொலைபேசி தன் சான்றிதழைக் காட்டி நம்பகமான வழங்கியொன்றின் ஒப்புதலைப் பெற்ற பிறகே குரல் வலையில் இடம் பெறுகிறது. உரை அளவையாவதற்குச் சொல்பவர் ஆப்தராக, நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்று தத்துவ நூல்கள் வலியுறுத்திய நிபந்தனையும் இதுவே.

முன்னுரிமையும் நீதியும்

பிரித்தவற்றில் ஒன்றை முன்னே விடுவது நீதியா என்ற கேள்வி அடுத்து எழுகிறது. 100 மெகாபிட் கம்பியில் கணினி ஒன்று 10 லட்சம் பைட்டுகளை ஒரே மூச்சில் கொட்டினால் அவை வெளியேற 80 மில்லிவினாடி ஆகும். அதே வரிசையில் பின்னால் நிற்கும் குரல் கட்டு, 150 மில்லிவினாடி எல்லையில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் இழக்கும். குரலுக்குத் தனி வரிசை வைத்து அதை முதலில் விடுவித்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரேம் முடியும் வரை, ஏறத்தாழ 0.12 மில்லிவினாடி மட்டுமே அது காத்திருக்க வேண்டும். தரவு இதனால் இழப்பது மிகச் சிறிது. ஓர் அழைப்பு தலைப்புகளோடும் டேக்கோடும் சேர்ந்து ஒரு திசையில் நொடிக்கு 89 கிலோபிட் அளவே எடுக்கும். அது கம்பியின் கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில், சமமானவருக்குச் சமமற்ற பங்கும் சமமற்றவருக்குச் சமமான பங்கும் கொடுப்பதே பூசல்களின் மூலம் என்றார். வந்த வரிசையில் எல்லோரையும் நிறுத்துவது பார்வைக்கு நடுநிலை. தேவையின் இயல்பு வேறாயிருக்கும்போது அது ஒருவரைத் தண்டித்து மற்றவருக்குப் பயனின்றி முடிகிறது. ஆனால் முன்னுரிமைக்கும் அறம் உண்டு. குரல் வரிசைக்கு வரம்பு வைக்காவிட்டால், முன்னுரிமைக் குறியோடு வரும் பெருவெள்ளம் தரவைப் பட்டினி போடும். கம்பியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவ்வரிசைக்குக் கொடுக்கக் கூடாது என்பது பரவலாக அறிவுறுத்தப்படும் அளவு. முன்னுரிமை அந்தஸ்தால் வருவதும் இல்லை. மேலாளரின் கோப்பு பின்னால் நிற்கிறது, கிடங்குத் தொழிலாளியின் அழைப்பு முன்னால் போகிறது. எவருடையது என்று பாராமல் காலம் கடந்தால் வீணாவது எது என்று மட்டும் பார்ப்பதால் இம்முறை நீதியாகிறது.

விடையும் அதன் எல்லையும்

தொகுத்துப் பார்த்தால், கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது. குரலுக்கும் தரவுக்கும் உள்ள பிரிவு செம்பில் இல்லை, மின்துடிப்பிலும் இல்லை. அதற்கான காரணம் இரண்டின் பயன் வேறுபாட்டில் இருக்கிறது. அதன் குறி டேக்கில் இருக்கிறது. அதன் மெய்ம்மை, குறியை மதித்து இன்னது இன்ன இடத்துக்குப் போகாது என்று ஒவ்வொரு கணமும் காக்கும் ஒழுங்கில் இருக்கிறது. காரணம் இல்லாத பிரிவு வீண். காவல் இல்லாத பிரிவு பொய். இரண்டும் உள்ள பிரிவு, தனி உடம்பு இல்லாவிட்டாலும் மெய்.

இந்த விடையை இரண்டு எல்லைகளுக்குள் வைக்க வேண்டும். முதலாவது தத்துவ எல்லை. ஃப்ரேமும் டேக்கும் ஸ்விட்சும் சித்தாந்த வழக்கில் சடம். உயிர் தன்னை அறியவும் இறைவனை நாடவும் வல்லது, சடத்துக்கு அது இல்லை. எனவே போர்ட்டில் கண்ட ஒழுங்கு ஒருமை, வேற்றுமை என்னும் கருத்துகளின் அமைப்பைத் தெளிவாக்கும். உயிரின் நிலை இன்னது என்று நிறுவும் சான்றாக அதைக் கொள்ள முடியாது. இரண்டாவது நடைமுறை எல்லை. ஒழுங்கால் பிரிந்தவை ஒழுங்கு நிற்கும் அடித்தளத்தால் பிரிவதில்லை. ஐ.பி. தொலைபேசிக்கு மின்சாரமும் பெரும்பாலும் அதே கேபிளில் வருகிறது. 2003இன் 802.3ஏஎஃப் நெறியில் போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தருகிறது. அந்தக் கேபிள் அறுந்தால், அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் நின்றால், குரலும் தரவும் ஒருசேர நிற்கும். எந்த வீலேன் எண்ணும் அதைத் தடுக்காது. இதனால்தான் தீ எச்சரிக்கை, அவசர அழைப்பு போன்ற சிலவற்றுக்குத் தனிக் கம்பியையும் தனி மின்மூலத்தையும் ஆலைகள் இன்றும் ஒதுக்குகின்றன. குறியால் பிரித்தால் போதுமானவை எவை, உடலாலேயே பிரிக்க வேண்டியவை எவை என்று பகுத்தறிவது வலையமைப்பவரின் பொறுப்பு. ஒன்று வீழும்போது மற்றது நின்றே ஆக வேண்டுமா என்பதே அதற்கான அளவுகோல். ஆம் என்றால் தனிக் கம்பி, இல்லை என்றால் நன்கு காக்கப்பட்ட டேக் போதும்.